அண்ணியோடு கயிறு குதித்த காலைகள்

சிங்கப்பூரில், புக்கிட் பாத்தோக்கில் எங்களுக்கு வீடு கிடைத்தது நான்காவது மாடியில். அந்த அடுக்குமாடி புளோக்கில் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது. ஐந்தாவது மாடியில் இறங்கி, ஒரு மாடி படியிறங்கி வரவேண்டும். அந்த ஒரு மாடியே எனக்கு மலைப்பாக இருந்த காலத்தில், ஒரு சனிக்கிழமை மின்தூக்கி கெட்டுப்போனது.

இடுப்பில் பத்து மாதக் கைக்குழந்தை. இன்னொரு கையில் சந்தைப் பை. மூன்று வயது மகள் எனக்கு முன்னால் ஒவ்வொரு படியாகத் தாவி ஏறிக்கொண்டிருந்தாள். இரண்டாவது மாடி தாண்டும்போதே மூச்சு வாங்கியது. மூன்றாவது மாடித் திருப்பத்தில் கால் துவண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். நெஞ்சு அடித்துக்கொள்ளும் சத்தம் எனக்கே கேட்டது.

"அம்மா, வா லா!" என்று மேலே நின்று மகள் கூப்பிட்டாள். எழுந்திருக்க முடியவில்லை. எண்பதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு முப்பத்தொரு வயது.

சத்தம் கேட்டு அண்ணி இறங்கி வந்தார். அண்ணி என்று நான் சொல்வது என் கணவரின் அக்காவை. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். தாய் தகப்பன் இருவரும் சீக்கிரமே போய்விட்டதால் தம்பியை வளர்த்து ஆளாக்கியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு மருத்துவமனையில் பிரசவ வார்டில் உதவியாளராக வேலை பார்த்தார். எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் ஒரே வீட்டில்தான் இருந்தோம். ஆனால் ஐந்து வருஷத்தில் நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் உப்பு, புளி, குழந்தைக்குக் காய்ச்சல், நாளைக்கு எந்த ஷிப்ட் என்கிற அளவில்தான். சண்டை கிடையாது. நெருக்கமும் கிடையாது.

என்னைப் பார்த்ததும் அண்ணி கையை நீட்டினார். குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, பையை இன்னொரு கையில் தூக்கிக்கொண்டார். "மெதுவா எந்திரிச்சு வா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியேறினார். அன்று மாலை அவர் தம்பியிடம் இதைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று பயந்தேன். சொல்லவில்லை. அதுவும் எனக்கு உறுத்தியது. இவளைப் பற்றிப் பேசி என்ன ஆகப்போகிறது என்று நினைக்கிறாரோ என்று தோன்றியது.

நான் ஜூரோங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்தேன். எட்டு மணி நேரமும் உட்கார்ந்தபடி, மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு, தலைமுடியைவிட மெல்லிய கம்பிகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை. கம்பெனி பஸ் வாசலில் ஏற்றி வாசலில் இறக்கிவிடும். நடப்பதற்கு இடமே இல்லாத வாழ்க்கை. அடுத்த வாரம் தொழிற்சாலை நர்ஸிடம் போனேன். எடை எழுபத்து நான்கு. இரத்த அழுத்தமும் கொஞ்சம் கூடியிருந்தது. உடற்பயிற்சி செய் என்றார். எனக்கு ஏது நேரம், இரண்டு பிள்ளைகள் என்றேன். கயிறு குதி, வீட்டிலேயே பத்து நிமிடம் போதும், என் தங்கை அப்படித்தான் இளைத்தாள் என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மளிகை வாங்க அண்ணியும் நானும் தேக்கா சந்தைக்குப் போனோம். சிராங்கூன் ரோட்டில் பிளாஸ்டிக் சாமான் கடை ஒன்றின் வாசலில், பந்துகளுக்கும் பொம்மைகளுக்கும் நடுவில், மரக்கைப்பிடி போட்ட குதிக்கும் கயிறு ஒன்று தொங்கியது. எடுத்துக் கொடுத்தபோது கடைக்காரர் கேட்டார்:

"பாப்பாவுக்கு எத்தனை வயசும்மா?"

"எட்டு" என்றேன். வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன்.

பக்கத்தில்தான் அண்ணி நின்றுகொண்டிருந்தார். வீட்டில் எட்டு வயதுப் பிள்ளை இல்லை என்பது அவருக்குத் தெரியாதா? முருங்கைக்காய்க் கட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, "பஸ் வந்துரும், வா" என்றார்.

மறுநாள் வேலை முடிந்து வந்ததும் பிள்ளைகளை அறையில் தூங்க வைத்துவிட்டு, ஹாலில் நாற்காலிகளை ஓரமாகத் தள்ளினேன். கதவைச் சாத்தினேன். கயிற்றைச் சுழற்றினேன். அது முதலில் மின்விசிறியில் மாட்டியது. இரண்டாவது தடவை முதுகில் சுளீரென்று அடித்தது. மூன்றாவது தடவை கால் கட்டைவிரலில் பட்டு உயிர் போனது. கயிற்றைச் சுழற்றும்போது குதிக்க மறந்தேன். குதிக்கும்போது சுழற்ற மறந்தேன். பள்ளிக்கூடத்தில் மற்ற பெண்கள் பாட்டுப் பாடிக்கொண்டே குதித்தது நினைவிருந்தது. உடம்புக்கு மட்டும் அந்த நினைவு இல்லை. கால் மணி நேரத்தில் ஒரே ஒரு முறை தொடர்ந்து மூன்று தாண்டினேன். தாண்டிய சந்தோஷத்தில் நான்காவதில் தடுக்கினேன்.

அப்படியே நான்கு நாள் போனது. ஐந்தாம் நாள் அண்ணி காலை ஷிப்ட் முடிந்து வந்துவிட்டதால் அவரும் வீட்டில் இருந்தார். சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். நான் வெட்கத்தை விட்டு ஹாலில் குதித்துக்கொண்டிருந்தேன். யாரோ கதவை வேகமாகத் தட்டினார்கள். நான் கயிற்றைச் சோபாவுக்குப் பின்னால் எறிந்தேன். அண்ணி போய்க் கதவைத் திறந்தார். எங்களுக்கு நேர் கீழே குடியிருந்த சீன ஆன்ட்டி நின்றுகொண்டிருந்தார். அவருக்கு ஆங்கிலம் வராது, அண்ணிக்கும் அவ்வளவாக வராது. இருவரும் மலாயில் பேசிக்கொண்டார்கள். ஆன்ட்டி கையால் மேலேயும் கீழேயும் காட்டினார். அண்ணி தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். பிறகு ஏதோ சொன்னார். ஆன்ட்டி சமாதானமாகி இறங்கிப் போனார்.

"அவங்க வீட்டுக்காரரு டாக்சி ஓட்டுறாராம். ராத்திரி பூரா ஓட்டிட்டு இந்த நேரத்துலதான் தூங்குறாராம். அவரு தலைக்கு மேல இடிக்குதாம்" என்றார் அண்ணி.

எனக்கு முகம் எரிந்தது. "நீங்க என்ன சொன்னீங்க அண்ணி?"

"பிள்ளைங்க விளையாடுதுன்னு சொன்னேன்."

திரும்பவும் மீனிடம் போனவர், சமையலறை வாசற்படியில் நின்றார். "நாளையிலேர்ந்து கீழ வாய்ட் டெக்குல போய்க் குதி. சாயங்காலம் வேணாம், சின்னப் பசங்க வேடிக்கை பாப்பாங்க. காலையில ஆறு மணிக்கு முன்னாடி போயிட்டா ஆளிருக்காது. தம்பி வீட்டுல இருக்கும், பிள்ளைங்களுக்குப் பயமில்லை. இருட்டா இருக்கும். நானும் கூட வர்றேன்."

அத்தனை வார்த்தைகளை அண்ணி என்னிடம் ஒரே மூச்சில் பேசியது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்குக் கீழே, புளோக்கின் அடியில் தூண்களோடு திறந்து கிடக்கும் வாய்ட் டெக்குக்குப் போனோம். நான் பஞ்சாபி பைஜாமாவின் மேல் கணவரின் பழைய டி-சட்டையைப் போட்டிருந்தேன். அண்ணி சேலையில் இருந்தார். ஒரு பிளாஸ்க்கில் கோப்பியும் தோளில் ஒரு துண்டும் கொண்டுவந்தார். சதுரங்கக் கட்டம் போட்ட கல்மேசையருகில் ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொண்டார். குழல்விளக்கு வெளிச்சத்தில் நான் தூணுக்குப் பின்னால் மறைந்து நின்று குதிக்க ஆரம்பித்தேன்.

முதல் நாள் ஐந்து. இரண்டாம் நாள் ஏழு. வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் குதித்ததில் முழங்காலுக்குக் கீழே எலும்பெல்லாம் வலித்தது. பள்ளிப் பிள்ளைகள் போடும் வெள்ளைக் கான்வாஸ் சப்பாத்து ஒன்றை வாங்கிக்கொண்டேன். மூன்றாம் நாள், ஒன்பதாவது குதியில், கால்களுக்கிடையே ஈரமாவதை உணர்ந்தேன். சிறுநீர். அடக்க முடியவில்லை. சட்டென்று நின்றேன்.

"என்னாச்சு?" என்றார் அண்ணி.

"வயிறு வலிக்குது அண்ணி. போதும்."

அண்ணி என்னை ஒரு முறை பார்த்தார். துண்டை எடுத்துக் கொடுத்தார். "இடுப்புல சுத்திக்க" என்றார். மேலே வந்தோம். அன்று முழுவதும் மைக்ராஸ்கோப்பின் முன்னால் உட்கார்ந்து, இனி கயிற்றைத் தொடப்போவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். மாலையில் வந்தால் என் தலையணைமேல் மெல்லிய பருத்தித் துணிகள் அழகாக மடித்து, ஒரு கட்டாக வைக்கப்பட்டிருந்தன.

மறுநாள் அதிகாலை அண்ணி என் அறைக்கதவை மெல்லத் தட்டினார். வரவில்லை என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஐந்தாவது மாடிக்கு ஏறி மின்தூக்கிக்குக் காத்திருந்தபோது, என் முகத்தைப் பார்க்காமல், எண்கள் மாறுவதைப் பார்த்தபடியே பேசினார்.

"பிள்ளை பெத்தவங்களுக்கு இருக்கிறதுதான். வார்டுல தெனமும் பாக்குறேன். யாரும் வெளிய சொல்றதில்லை, அவ்வளவுதான். ஒன்னுக்கு அடக்குற மாதிரி இறுக்கிப் புடிச்சுப் புடிச்சு விடு. பத்து தடவை. பஸ்ஸுல உக்காந்துக்கிட்டே செய்யலாம், யாருக்கும் தெரியாது. ரெண்டு மூணு மாசத்துல சரியாயிடும். அதுவரைக்கும் உசரமாக் குதிக்காத. கயிறு போற அளவுக்குக் காலு தரையை விட்டு எழும்புனாப் போதும்."

கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அவர் சொன்னபடி இறுக்கி விட்டுக்கொண்டே வந்தேன். எங்கிருந்தோ அழுகை வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் தூக்கக் கலக்கத்தில் இருந்ததால் கவனிக்கவில்லை. இரண்டு பிரசவத்திலும் என் அம்மாகூட எனக்கு இதைச் சொன்னதில்லை. பிள்ளையே பெறாத ஒருவர் சொல்லிக்கொடுத்தார்.

அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு வந்தது. முக்காலியில் உட்கார்ந்தபடியே அண்ணி நான் செய்யும் தப்பெல்லாம் கண்டுபிடித்தார். "நீ கயிறு வர்றதுக்கு முன்னாடியே குதிச்சிடுற. அது தரையில தட்டுற சத்தத்தைக் கேளு, அப்புறம் குதி." "கை முழுசையும் ஏன் சுத்துற? மணிக்கட்டு மட்டும் ஆடட்டும். முழங்கை இடுப்பை ஒட்டி இருக்கட்டும்." "கீழ பாக்காத. நேராப் பாரு." அவர் சொன்னபடி செய்தால் சரியாக வந்தது. நான் ஒழுங்காக எண்ணமாட்டேன் என்று எண்ணிக்கையையும் அவரே எடுத்துக்கொண்டார். விரல்விட்டு, தமிழில் எண்ணுவார். இருபதைத் தொட்ட அன்று எழுந்து வந்து எனக்குக் கோப்பி ஊற்றிக்கொடுத்தார்.

"சின்ன வயசுல நீங்க நல்லாக் குதிப்பீங்களா அண்ணி?" என்று கேட்டேன்.

"நான் குதிச்சதே இல்லை."

"அப்புறம் எப்படி இவ்வளவு தெரியுது?"

அண்ணி பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னார். "எங்க லைன் வீட்டுப் பக்கம் பொண்ணுங்க ரப்பர் வளையத்தைக் கோத்துக் கயிறு பண்ணிக் குதிப்பாங்க. என்னையும் கூப்பிடுவாங்க. தம்பி இடுப்புல இருக்குமே. அதை எறக்கி விட்டா அழும். அதனால நான் கயித்தோட ஒரு முனையைப் புடிச்சுக்கிட்டு நிப்பேன். யாரு எப்படிக் குதிக்கிறான்னு பாத்துக்கிட்டே இருப்பேன். அதான் தெரியும்."

வருத்தமாகச் சொல்லவில்லை. அன்று என்ன சமையல் என்பதைச் சொல்வதுபோல் சொன்னார். நான் கோப்பியைக் கல்மேசைமேல் வைத்தேன். கயிற்றை அவர் பக்கம் நீட்டினேன்.

"இப்ப குதிங்க."

"போ லா. சேலையைக் கட்டிக்கிட்டா?"

மறுநாள் அவர் அறையைவிட்டு வெளியே வந்தபோது நான் வாயைப் பொத்திக்கொண்டேன். மருத்துவமனைச் சீருடையின் கால்சட்டையைப் போட்டு, மேலே ஒரு பழைய சட்டை போட்டிருந்தார். தலைமுடியை இறுக்கிக் கொண்டை போட்டிருந்தார். "சிரிக்காத. பிள்ளைங்க முழிச்சிடும்" என்றார். கீழே போனதும் கயிற்றின் நடுவில் காலை வைத்து நின்று, கைப்பிடிகளை மேலே இழுத்துப் பார்த்தார். அவர் என்னைவிட ஒரு சாண் குள்ளம். கைப்பிடிகள் தோளுக்கு மேலே போயின. ஒவ்வொரு பக்கமும் ஒரு முடிச்சுப் போட்டுக் கயிற்றைச் சின்னதாக்கிக்கொண்டார். கயிற்றைக் கணுக்காலுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு நெடுநேரம் அப்படியே நின்றார்.

"சுத்துங்க அண்ணி."

"இரு."

சுற்றினார். குதித்தார். கயிறு காலுக்கடியில் போனது. இரண்டாவது சுற்றுச் சுற்றாமல் அப்படியே நின்றுவிட்டார். பிறகு வாயைக் கையால் மூடிக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். அவருக்கு அப்படி ஒரு சிரிப்பு இருப்பதே எனக்குத் தெரியாது.

அதன்பிறகு ஆளுக்குக் கொஞ்சம் என்று மாறி மாறிக் குதித்தோம். அவர் குதிக்கும்போது நான் எண்ணினேன். எனக்குக் கயிற்றைக் கொடுக்கும்போது முடிச்சை அவிழ்ப்பார், திரும்ப வாங்கும்போது முடிவார். இந்த அவிழ்ப்பதிலும் முடிவதிலும் பாதி நேரம் போகும். அதுதான் பேசும் நேரமும். வார்டில் அன்று பிறந்த இரட்டைக் குழந்தைகள், சூப்பர்வைசரின் முன்கோபம், அவருக்கு ஒரு காலத்தில் வந்து நின்றுபோன சம்பந்தம் என்று எல்லாம் அப்போதுதான் கேட்டேன். மாப்பிள்ளை வீட்டார் தம்பியைக் கூட வைத்துக்கொள்ள முடியாது என்றார்களாம். "அப்ப வேணாம்னுட்டேன்" என்றார்.

ஒரு மாதம் இருக்கும். ஒரு நாள் நாங்கள் போவதற்குச் சற்று முன்பே துப்புரவாளர் கீழ்த்தளத்தைக் கழுவிவிட்டிருந்தார். தரை காய்ந்துவிட்டது என்று நினைத்தோம். அண்ணி இருபத்தெட்டு வரை குதித்தார். இருபத்தொன்பதாவதில் வலது கால் வழுக்கி, கணுக்கால் உள்பக்கமாக மடங்கி விழுந்தார். சத்தமே போடவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, "தூக்கி விடு" என்றார். என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலால் நடந்துவந்தார். ஐந்தாவது மாடியிலிருந்து ஒரு மாடி இறங்குவதற்குக் கால் மணி நேரம் ஆனது.

எலும்பு முறியவில்லை. ஆனால் கால் பூசணிக்காய் போல வீங்கிவிட்டது. கிளினிக்கில் இரண்டு வாரம் மருத்துவ விடுப்புக் கொடுத்தார்கள். என் கணவர் கப்பல் பட்டறையில் மெக்கானிக். சாதுவான மனிதர், சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. அன்று மாலை அக்காவின் காலைப் பார்த்ததும் அவருக்கு முகமே மாறிவிட்டது.

"இந்த வயசுல இதெல்லாம் தேவையாக்கா? விழுந்து இடுப்பு ஒடஞ்சிருந்தா?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "எல்லாம் உன்னால வந்தது. நீ குதிக்கணும்னா நீ குதி. அவங்களை ஏன் இழுக்குற?"

அவர் சொல்வது நியாயம் என்றுதான் பட்டது. மறுநாள் காலை, கதவுக்குப் பின்னால் நான் மாட்டிவைக்கும் ஆணியில் கயிறு இல்லை.

"என்னங்க, கயிறு எங்க?"

"குப்பையில போட்டுட்டேன்" என்றார். சமையலறைச் சுவரில், குப்பையை நேராகக் கீழ்த்தளத்துக்குத் தள்ளும் துவாரத்தைக் கையால் காட்டினார். நான்கு மாடி கீழே போயிருக்கும்.

ஹாலில் காலை முக்காலிமேல் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்த அண்ணிக்கு அது கேட்டுவிட்டது.

"தம்பி, இங்க வா."

அவர் போய் நின்றார்.

"அது யாரு கயிறு?"

"அக்கா, உனக்கு அடிபட்டுச்சேன்னுதான்..."

"யாரு கயிறுன்னு கேட்டேன். அவ ஆசைப்பட்டு வாங்குனது. அவளைக் கேக்காம எப்படித் தூக்கிப் போட்டே?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். முப்பத்தாறு வயது மனிதர், பெரிய பெரிய கப்பல் எஞ்சினைப் பிரித்துப் போடுகிறவர்.

"அடிபட்டது எனக்கு. கோவப்படணும்னா நான்தான் படணும். எனக்குக் கோவம் வரலையே." அண்ணியின் குரல் இறங்கியது. "இருபத்தியெட்டு குதிச்சேன்டா தம்பி. விழுறதுக்கு முன்னாடி இருபத்தியெட்டு. இவதான் எண்ணுனா, கேட்டுப் பாரு."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அவர் வேலைக்குப் போய்விட்டார்.

நான் அன்று விடுப்பு எடுத்திருந்தேன். சுடுதண்ணீரில் உப்புப் போட்டுத் தவலையில் கொண்டுவந்து, அண்ணியின் காலைப் பிடித்து உள்ளே வைக்கப் போனேன். சட்டென்று காலை இழுத்துக்கொண்டார். "வேணாம், நானே பாத்துக்குறேன்" என்றார். குனிய முயன்றார், முடியவில்லை.

"தெனமும் எத்தனை பேருக்கு நீங்க கழுவி விடுறீங்க அண்ணி. உங்களுக்கு ஒருத்தி செஞ்சா என்ன?"

காலை நீட்டினார். நான் ஒரு துணியால் கணுக்காலைச் சுற்றி ஒற்றிக்கொடுத்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் ஆறியதும் துணியைப் பிழிந்து வைத்தேன். பிறகு என் தலையில் கை வைத்தார். முடியைச் சரிசெய்வதுபோல வைத்து எடுத்துவிட்டார்.

அன்று மாலை என் கணவர் வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தார். கையிலிருந்த பிளாஸ்டிக் பையை மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். பிரித்துப் பார்த்தேன். இரண்டு கயிறுகள். ஒன்று சிவப்பு, ஒன்று நீலம்.

குளியலறைக் கதவைத் தட்டினேன். "என்னங்க இது, ரெண்டு?"

"ஒண்ணை வெச்சுக்கிட்டு எப்படி ரெண்டு பேரு குதிப்பீங்க?" என்றார் உள்ளேயிருந்து. "ஆளுக்கு ஒண்ணு லா. தரை ஈரமா இருந்தா மட்டும் மேல வந்துருங்க."

அந்த இரண்டு வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. கீழ்வீட்டு ஆன்ட்டி, அண்ணி நொண்டிக்கொண்டு நடந்ததை எங்கேயோ பார்த்துவிட்டு, ஒரு சின்ன பாட்டிலில் சீன மருந்துத் தைலம் கொண்டுவந்தார். எப்படி விழுந்தாய் என்று கேட்டார். அண்ணி உண்மையைச் சொல்லிவிட்டார். ஆன்ட்டி என்னையும், என் மேசைமேல் இருந்த கயிறுகளையும், அறையிலிருந்து எட்டிப் பார்த்த என் மெலிந்த மகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அண்ணியின் தொடையில் தட்டி மலாயில் ஏதோ சொன்னார். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"என்னவாம் அண்ணி?"

"பிள்ளைங்க இவ்வளவு கனமா இருக்கேன்னு அப்பவே நெனச்சாங்களாம்."

வீக்கம் வடிந்தும் அண்ணி ஒரு மாதம் பொறுத்திருந்தார். தினமும் கதவைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கினார். கணுக்காலுக்குப் பலம் வரவேண்டும் என்றார். நான் தனியாகக் கீழே போகமாட்டேன் என்று சொன்னதும், "நான் வந்து உக்காந்துக்குறேன், நீ நிறுத்தாத" என்று நொண்டிக்கொண்டே வந்து உட்கார்ந்தார். சில நாள் ஆன்ட்டியும் வந்து, கையை முன்னும் பின்னும் வீசியபடி எங்கள் பக்கத்தில் நிற்பார். தன் முழங்கால் குதிக்கத் தாங்காது என்பார்.

எனக்கு ஒரு வருஷத்தில் எட்டுக் கிலோ குறைந்தது. பிரமாதம் என்று சொல்ல முடியாது. ஆனால் நூறு தாண்டினேன், இருநூறு தாண்டினேன். நர்ஸ் என் கையில் பட்டையைக் கட்டி அழுத்திப் பார்த்துவிட்டு, போதும், இனி வராதே என்று சிரித்தார். அண்ணி நூறைத் தொட அதைவிட அதிகக் காலம் ஆனது. தொட்ட அன்று வீட்டுக்கு வந்து கேசரி கிளறினார். எதற்கு என்று தம்பி கேட்டதற்கு, ரவை வண்டு விழுந்துவிடும்போல இருந்தது என்றார்.

மூன்று வருஷம் அப்படிப் போயிருக்கும். எண்பதுகள் முடியும் தறுவாயில் நான் மூன்றாவது முறை உண்டானேன். இரண்டாம் மாதம் கொஞ்சம் உதிரம் பட்டது. டாக்டர் படுத்தே இருக்கச் சொன்னார். கயிற்றை நினைத்தும் பார்க்கக் கூடாது என்றார். நானே போகாதபோது அண்ணியும் நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். மறுநாள் அதிகாலை அவர் அறையில் விளக்கு எரிந்தது. கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து, மிக மெல்லியதாக, சிமெண்டில் கயிறு தட்டும் சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. நான் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு அதைக் கேட்டபடி படுத்திருந்தேன்.

ஆன்ட்டிக்குத் தெரிந்த பெண்கள் சிலர் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் காலையில் உடற்பயிற்சி செய்வார்கள். அண்ணி மெல்ல மெல்ல அவர்களோடு போய்ச் சேர்ந்தார். அந்தக் கூட்டத்தில் அவர் ஒருவர்தான் தமிழர். அதற்காகக் கூச்சப்பட்டதாகத் தெரியவில்லை. எனக்கு ஏழு மாதம் ஆகி, இனிப் பயமில்லை என்று டாக்டர் சொன்னபின் ஒரு நாள் சாப்பிடும்போது, ஞாயிற்றுக்கிழமை அவர்கள் எல்லோரும் பஸ் பிடித்து மலேசியாவில் மலாக்காவுக்குப் போகிறார்கள், தன்னையும் கூப்பிடுகிறார்கள் என்றார். அவர் கேட்டது அனுமதியா, வெறும் தகவலா என்று எங்களுக்குப் புரியவில்லை. அவருக்கும் புரிந்திருக்காது.

"போயிட்டு வாக்கா" என்றார் என் கணவர். "நான் சமைச்சுக்குவேன்."

"நீயா?" என்று அண்ணி கேட்டார்.

"முட்டை பொரிப்பேன் லா."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் திரும்பி வந்தபோது சாயங்காலம் ஏழு மணி இருக்கும். பிள்ளைகள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டன. டோடோல் இனிப்புப் பொட்டலங்களை அவர்களிடம் கொடுத்தார். எனக்கு ஊறுகாய், தம்பிக்கு ஒரு பனியன். பையின் அடியில் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. அதை எடுக்காமல் பையை மடிக்கப் போனார்.

"அது என்ன அண்ணி?"

"ஒண்ணுமில்லை" என்றவர், பிறகு பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்துத் திறந்தார். ஓரத்தில் நீலக் கோடு போட்ட வெள்ளை ஓட்டச் சப்பாத்து, பெண்கள் அளவு. "அவங்க எல்லாரும் வாங்குனாங்க. ஆன்ட்டி பேரம் பேசிக் கொடுத்துட்டாங்க. எனக்குத்தான் வாங்குனேன்" என்றார்.

"போட்டுக் காட்டுங்க."

நாற்காலியில் உட்கார்ந்து போட்டுக்கொண்டார். என் மகள் தரையில் உட்கார்ந்து அவருக்குச் சப்பாத்துக் கயிறு கட்டிவிட்டாள். எழுந்து ஹாலில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்து பார்த்தார். குதிகாலை இரண்டு தடவை தூக்கி இறக்கினார்.

"நல்லாருக்கு அண்ணி."

"கொஞ்சம் பெருசு" என்றார், குனிந்து தன் கால்களைப் பார்த்தபடி. "பரவால்ல. சாக்ஸ் போட்டுக்குவேன்."